கொள்ளுத்தாத்தா எசேக்கியேலின் துப்பாக்கி

எண்ணெய்த் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, துப்பாக்கிக் குழலை நுனியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் துடைக்கிறார் ஹார்லன் ப்ரூயிட். பிறகு பின்னால் நகர்ந்து, யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் போலத் தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். எவராவது நின்றுவிட்டால் போதும், தொடங்கிவிடுவார்.

"தொட்டுப் பாருங்க, பரவாயில்ல. எங்க கொள்ளுத்தாத்தா எசேக்கியேல் கையால செஞ்சது. கரடி அடிச்சிருக்காரு, வான்கோழி அடிச்சிருக்காரு, மாமனாரையும் ஒரு தடவ குறி பாத்திருக்காரு. அவரு தப்பிச்சதாலதான் கல்யாணமே நடந்துச்சு."

கெண்டக்கியில் எங்கள் ஊர்ச் சந்தைக் கொட்டகையில் ஆண்டுதோறும் மார்ச்சில் நடக்கும் கண்காட்சி இது. ஒரு வரிசையில் பழந்துப்பாக்கிகள். குழல் வாயில் வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கோலால் கெட்டிக்கிற ரகம். எதிர்வரிசையில் கைவினைப் பொருட்கள். நான் மாட்டுக்கொம்பில் மருந்துக்குடுக்கை செதுக்குகிறவன். என் பக்கத்து மேசையில் ஹார்லனின் மனைவி லியோட்டா ஓக் மரச் சிம்பில் கூடை முடைவாள். ஹார்லன் எங்களுக்கு நேர் எதிரே.

எழுபதைத் தாண்டியவர். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கூட்டம் சேர்ந்தால் இன்றும், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்பார். சட்டைப்பையில் அவித்த முட்டை இருக்கும். கண்காட்சிச் சமையலைத் தொடமாட்டார். "அந்த பீன்ஸ எங்க கொள்ளுத்தாத்தா காலத்துல அடுப்புல ஏத்துனாங்க."

இந்த வருடம் பழமை வரிசையைச் சரிபார்க்கும் பொறுப்பு வெண்டல் ஆட்கின்ஸுக்கு. நல்ல மனிதர். துப்பாக்கியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"குழல் அருமை, ஹார்லன். பழசுதான். மரக்கட்டை மட்டும் வேற கை. அதுல இந்தப் பூங்கொடிய செதுக்குனவன் யாரோ கத்துக்குட்டி. சுருளெல்லாம் புழு மாதிரி கெடக்கு."

ஹார்லனின் கழுத்து சிவந்தது.

"யாருய்யா கத்துக்குட்டி? ரெண்டு குளிர்காலம் உக்காந்து செதுக்கியிருக்கேன். புழுவாம் புழு."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. சுற்றி நின்றவர்களில் யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப, இத செஞ்சது நீங்களா?" என்றார் வெண்டல்.

"குழல் மட்டும் பழைய சாமான் கடையில கெடச்சுது. மத்ததெல்லாம் நான். அப்ப சின்ன வயசு. என் பேரச் சொல்லி வெச்சேன், ஒருத்தனும் நிக்கல. தாத்தா பேரச் சொன்னேன், முண்டியடிச்சுக்கிட்டு வந்தாங்க."

வெண்டல் குரலைத் தாழ்த்தினார். "இனிமே இந்த வரிசையில வெக்க முடியாது. உங்களுக்கே தெரியும்."

ஹார்லன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். லியோட்டா முடைவதை நிறுத்தவில்லை.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"வீட்டுக்கு. ஒங்கிட்டயும்தான் இத்தன வருஷம் பொய் சொல்லிட்டேன்."

"எங்கிட்டயா? அந்த ரெண்டு குளிர்காலமும் படுக்கையெல்லாம் மரச்சீவல் குத்துச்சு. கொள்ளுத்தாத்தாவா வந்து சீவிட்டுப் போனாரு?"

கூடைகளில் பாதியைத் தூக்கித் தரையில் வைத்தாள். மேசையில் இடம் உண்டாயிற்று.

ஹார்லன் திரும்பி வந்தார். பிறகு துப்பாக்கியை அந்த இடத்தில் கிடத்திவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். கதை இல்லை, கரடி இல்லை. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைகளுக்கு அடியில் செருகிக்கொண்டார்.

மழைச்சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். கூடைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் துப்பாக்கியின் அருகில் நின்று, கட்டையில் ஓடும் கொடியின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள்.

"யாரு செஞ்சது இது?"

லியோட்டா கூடையின் மேல் குனிந்துகொண்டாள். நானும் என் கொம்பின் மேல் குனிந்துகொண்டேன். ஹார்லன் வகுப்பில் பெயர் கூப்பிடப்பட்ட பிள்ளையைப் போல, தொடைக்கு அடியிலிருந்து வலது கையை உருவி மெல்ல உயர்த்தினார்.