ஏரம்பமூர்த்தியின் கைகள்

தாசேக் கெலுகோர் போகிறோம் என்பதை, பினாங்குப் பாலத்தில் கார் ஏறிய பிறகுதான் ஏரம்பமூர்த்தி சொன்னார். செபராங் ஜெயாவில் யாரோ உறவினர் வீட்டுக்கு என்று நினைத்துக் காரை ஓட்டிக்கொண்டிருந்தாள் அவருடைய அண்ணன் மகள் புஷ்பராணி. அங்கே என்ன என்று கேட்டாள். பறக்கக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் விமானம் ஓட்டியவருக்கு இனி என்ன கற்க இருக்கிறது என்றாள்.

"இது விமானம் இல்ல பிள்ளை. தலைக்கு மேல துணியில இறக்கை, முதுகில விசிறி எஞ்சின். ஓடி ஏறணும்."

சித்திக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, கண் என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"இதுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் கேக்க மாட்டாங்க லா."

பாலம் முடிந்ததும் புஷ்பராணி காரை வடக்கே திருப்பினாள்.

அது 1996. இடது கண் மங்கி, உரிமம் பறிபோய் ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அதுவரை லங்காவிக்கு ஆளும் தபாலும் ஏற்றிப்போகும் சின்ன விமானத்தை ஓட்டியவர், பிறகு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர் கிளார்க் ஆனார். விமானங்கள் கூரையை உரசுவதுபோல் இறங்கும் இடம். மற்றவர்கள் வெளியே மரத்தடியில் சாப்பிட, அவர் மட்டும் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் கமாலுதீன் என்பவர் பயிற்சி கொடுத்தார். அங்கே ஏரம்பமூர்த்தியைக் கெடுத்தது அவர் அறியாமை அல்ல, பழக்கம். விமானம் தாழ்ந்தால் பிடியைத் தங்கள் பக்கம் இழுப்பார்கள், மூக்கு நிமிரும். துணி இறக்கையில் தலைக்கு மேல் தொங்கும் இரண்டு கைப்பிடிகளையும் அப்படிக் கீழே இழுத்தால் தாங்கும் காற்று அறுந்து, இறக்கை செத்துவிடும். கையை மேலே விட வேண்டும். அவர் கைக்கு அது ஏறவில்லை.

"அண்ணே, இழுத்து இழுத்து அதைக் கொல்றீங்க. அது குதிரையா?" என்பார் கமாலுதீன்.

கூடக் கற்ற ரொஸ்னா, விமானத்தில் பயணியாகக்கூட ஏறாத பாலர் பள்ளி ஆசிரியை, ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையே பறந்துவிட்டாள். ஏரம்பமூர்த்தி கைதட்டிவிட்டு, முகம் கழுவப் போய் வெகுநேரம் திரும்பவில்லை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கைகளை உயர்த்தி உயர்த்திப் பழகினார். முருகனைக் கும்பிடுவதென்றால் சாமியறையில் கும்பிட வேண்டியதுதானே என்றாள் மனைவி செல்வநாயகி.

பத்தாவது வாரம், பறக்கலாம் என்று கமாலுதீன் தலையாட்டினார். நான்கு நிமிடம் ஏரம்பமூர்த்தி செம்பனைகளுக்கு மேல் சுற்றினார். கீழே கமாலுதீனின் வாக்கிடாக்கி அருகே நின்ற புஷ்பராணிக்கு, விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வதுபோல் உயரமும் திசையும் சொல்லும் அவர் ஆங்கிலம் கேட்டது. அந்தக் குரலை ஒன்பது வருடமாக அவள் கேட்டதில்லை.

இறங்கும்போது, இரண்டு மாடி உயரத்தில், திடீரென்று தாழ்ந்தார்.

"கை மேல, அண்ணே. கை மேல," என்றார் கமாலுதீன் வாக்கிடாக்கியில்.

கைகள் பிடிகளை இடுப்புவரை இழுத்தன. இறக்கை சுருங்கியது. கைகளை ஊன்றி விழுந்தார்.

இரண்டு மணிக்கட்டிலும் மாவுக்கட்டு. செல்வநாயகியின் அண்ணன் கனகசுந்தரம் போலீசுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். காற்று சரியில்லாத நேரத்தில் கமாலுதீன் ஏற்றிவிட்டான், தப்பாக வழி சொன்னான் என்று அதில் இருந்தது. அந்தத் திடலை மூட அது போதும். ஏரம்பமூர்த்தி சரி என்றால் போதும் என்றார் கனகசுந்தரம். புஷ்பராணி சுவரோரம் நின்றாள். வாக்கிடாக்கியில் சொன்னதைக் கேட்டவள் அவள், வாய் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் சித்தப்பாவின் பெயரில் ஒரு பிழைகூடப் பதிவானதில்லை. கண்தான் போயிற்று, கை அல்ல என்பதைப் பிடித்துக்கொண்டே அவர் இத்தனை நாள் நடமாடினார். அதை எடுத்துவிட அவளுக்கு மனம் வரவில்லை.

கனகசுந்தரமும் செல்வநாயகியும் தேநீர் குடிக்கப் போனதும் அவர் அவளைக் கிட்டே கூப்பிட்டார். மாவுக்கட்டுக் கைகளைத் தலையணைமேல் தூக்கி வைக்கச் சொன்னார்.

"பேப்பர் எடு பிள்ளை. காத்துன்னு எழுதாத. அவன் சரியாத்தான் சொன்னான், உனக்கும் கேட்டுச்சு. பைலட் செஞ்ச பிழைன்னு எழுது. முதல்ல இங்கிலீஷ்ல எழுது. கீழ அதையே தமிழ்லயும் எழுது. சித்தியும் வாசிக்கணும்."