மார்னிக்குப் பாதி மறக்க வேண்டும்

"அப்புறம் அந்த மாடு என்ன பண்ணுச்சு?" என்று போன ஆண்டு ஒரு காலை கேட்டபடியே ஓட்ஸ் கஞ்சியில் தேனை ஊற்றினாள் மார்னி டிரெலோர். எதிரே காலின், முந்தின ராத்திரி கனவில் மாடு ஒன்று கடலைக் குடித்த கதையில் இருந்தார். ஆஸ்திரேலியாவில் நிம்பின் என்கிற சிற்றூருக்கு மேலே, மலைச்சரிவில் கூடி வாழ்கிறவர்கள் இவர்கள். விடிந்ததும் பொதுச் சமையலறையில் உட்கார்ந்து கனவு சொல்வது வழக்கம். எழுதக் கூடாது, அர்த்தம் சொல்லக் கூடாது, கேட்டால் போதும்.

கேட்டதை வைத்துத்தான் மார்னி ஜூன் மாத விளக்கு ஊர்வலத்துக்கு மூங்கிலை வளைத்து, காகிதம் ஒட்டி, ஆளைவிடப் பெரிய விளக்குகள் செய்கிறாள். வயது அறுபதுக்கு மேல். விரலில் காய்ந்த பசையைப் பேசிக்கொண்டே உரித்துப் போடுவாள். யார் தட்டில் விழுகிறது என்று பார்க்கமாட்டாள். கேட்ட கனவை உடனே தொடுவதில்லை. வாழைக்குக் களை பிடுங்குவாள், யாரிடமாவது வம்புக்குப் போவாள். "பாதி மறக்கணும்டி. மறந்த இடத்துலதான் எனக்கு வேலையே," என்பாள். காலினின் மாடு அப்படித்தான், வயிற்றுக்குள் கடலும் மீனுமாகப் போன ஆண்டு ஊர்வலம் போனது. "இது நான் கண்ட மாடே இல்ல," என்று முறைத்தவர், கடைசி வரை அதை விட்டு நகரவில்லை.

இந்த ஆண்டு ஃபெர்கஸ் வந்து சேர்ந்தான். சிட்னியில் கணினி வேலையை உதறிவிட்டு வந்தவன். வேலையை விட்டான், புத்தியை விடவில்லை. தேன் ஜாடிக்குப் பக்கத்தில் கைபேசியை வைத்து, அது கனவுகளைக் கேட்டுப் படம் போட்டுத் தரும் என்றான். இங்கே எல்லாமே கூட்டத்தில்தான் முடிவாகும். யாரும் தடுக்காவிட்டால் சம்மதம். மார்னி அன்று பசை காய்ச்சப் போய்விட்டாள். மற்றவர்கள் நல்லவர்கள், வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி வேண்டாமென்று மலையேறிய ஜனங்கள், அடுப்படியிலேயே ஒட்டுக்கேட்கும் காதை உட்கார வைத்தார்கள்! வயிறு எரிகிறது. மார்னியும் முதலில் முணுமுணுத்ததோடு சரி.

ஒருநாள் ஹெதர், இறந்துபோன தன் மகன் கனவில் வந்ததைச் சொன்னாள். முகம் மட்டும் தெரியவில்லை என்றாள். மறுநாள் காலை ஃபெர்கஸ் சுவரில் படம் காட்டினான். பல் தெரியச் சிரிக்கிற ஒரு பையன்.

ஹெதர் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு வெளியே போனாள். மார்னி பின்னாலேயே ஓடினாள்.

"முகம் தெரியாதப்ப அவன் என்கிட்டத்தான் இருந்தான் மார்னி. இப்ப கண்ண மூடுனா இந்த யாரோ பையன்தான் வர்றான்."

அதன்பின் ஹெதர் கனவு சொல்வதில்லை.

"ஏன்டா, அடுத்தவ தூக்கத்துக்குள்ள செருப்புக் காலோட போறியே, வெக்கமா இல்ல?" என்று மார்னி ஃபெர்கஸைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்? உனக்கும் வேலை மிச்சம். வரைஞ்சது ரெடியா இருக்கு, ஒட்டினா போதும்."

"ஒட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன தபாலாபீஸா வச்சிருக்கேன்?"

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஃபெர்கஸ் எழுந்து, அந்தப் பையன் முகமே இந்த முறை முதல் விளக்காகப் போகட்டும், ஹெதருக்கு ஆறுதலாக இருக்கும் என்றான். இங்கே சம்மதம் என்றால் கையை உயர்த்தி விரல்களை ஆட்டுவார்கள். கூடாது என்றால் முஷ்டி. ஒரே ஒரு முஷ்டி போதும், காரியம் நின்றுவிடும். அதனாலேயே முஷ்டி தூக்குவது இங்கே அநாகரிகம். "வீட்ல மதிப்பில்லாதவன்தான் இங்க வந்து முஷ்டி தூக்குவான்," என்று கேலி செய்ததே மார்னிதான். அவள் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை.

சுற்றிலும் விரல்கள் ஆடின. ஹெதர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் தன்னையே பார்ப்பது தெரிந்து அவள் கையும் மெல்ல மேலே வந்தது. விரல்கள் அசையத் தொடங்கின.

மார்னி வலது கையை மடக்கித் தலைக்கு மேல் தூக்கினாள்.

"மார்னி, நீயா?" என்றார் காலின்.

அவள் இடது கையால் ஹெதரின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.