ரெஜினா திருப்பிக் கொடுத்த பெட்டி

வெள்ளிக்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். ரெஜினாவின் தம்பி சைக்கிளில் வந்து நின்றான். "அக்கா போயிட்டாங்கண்ணா" என்றான். மஞ்சள் காமாலை. வயது முப்பத்துநான்குதான். கம்பைநல்லூரில் அடக்கம் செய்த அன்று, "யார் மேலயும் கோவம் வெச்சுக்காத பொண்ணு" என்று இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் சொன்னீர்கள். அது உண்மையல்ல. அவர் கோபம் வைத்திருந்தார். அதற்குக் காரணமும் இருந்தது.

தருமபுரி பேருந்து நிலையத்தருகே ஒரே டிவி கடையில் நாங்கள் இருவரும் மெக்கானிக்குகள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த முதல் வீடியோ கேம் பெட்டியைத் தைரியமாகப் பிரித்தவர் ரெஜினாதான். கருப்பு வெள்ளைத் திரையில் இரண்டு கோடு, ஒரு புள்ளி, அவ்வளவுதான் ஆட்டம். அடுத்து, காட்ரிட்ஜ் என்கிற செருகு டப்பாவை மாற்றினால் ஆட்டமும் மாறுகிற பெட்டி வந்தது. அதன் கைப்பிடி ரப்பர் கிழிந்தால் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டிவிடுவார்.

அப்படியொரு பெட்டியை ஓர் அரிசி மில் முதலாளி வீட்டுக் கலர் டிவியில் மாட்டப் போனோம். "கரண்டு ஏறி எறங்குது, ஸ்டெபிலைசர் இல்லாம போடாதீங்க" என்று ரெஜினா முதலாளியிடம் இரண்டு முறை சொன்னார். மூன்றாம் நாள் டிவி புகைந்தது. மில் முதலாளி எங்கள் கடைக்கு வந்து, கூட்டத்துக்கு நடுவே, "ஸ்டெபிலைசர் பத்தி யாரும் சொல்லவேயில்ல. பொம்பள கைய வெச்சா இப்படித்தான் ஆவும்" என்றார். ரெஜினா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன். அன்றே ரெஜினாவுக்குக் கடையில் வேலை போனது.

அவர் தன் வீட்டு முன்னறையிலேயே மேசை போட்டார். பழுதுபார்க்க வந்த ஒவ்வொரு புதுப் பெட்டியையும் படித்தார். "மொதல்ல வெறும் புள்ளி. இப்ப ஓடுற ஆளுக்கு மூஞ்சி, மீசையெல்லாம் வந்துடுச்சி. மனுசங்கதான் அப்படியே இருக்காங்க" என்பார்.

போன வருடம் அதே முதலாளியின் மருமகன் ஜப்பான் வீடியோ கேம் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். பேரனின் பிறந்தநாளுக்கு ஊரையே அழைத்திருந்தார்கள். நம்மூர் டிவியில் படம் நிற்காமல் உருண்டது. சேலத்து மெக்கானிக்குகளும் கைவிரித்துவிட்டார்கள். முதலாளி என்னைக் கூட்டிக்கொண்டு ரெஜினா வீட்டுக்குப் போனார்.

"செய்யலாங்க. ஆனா அன்னைக்குக் கடையில எங்க நின்னு பேசுனீங்களோ, அங்கயே நின்னு உண்மையச் சொல்லணும்" என்றார் ரெஜினா.

சந்தை நாளில், பெட்டியோடு மூவரும் கடைக்குப் போனோம். கடையில் பத்துப் பதினைந்து பேர். முதலாளி குரல் இறங்கி, "ஸ்டெபிலைசர் போடச் சொன்னாங்க. நாந்தான் போடல" என்றார்.

"அண்ணா, நீங்க?" என்று ரெஜினா என் பக்கம் திரும்பினார்.

"சொன்னாங்க. நானும் காதால கேட்டேன்" என்றேன்.

ரெஜினா பெட்டியை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தார். "கொண்டு போங்க. என்னால முடியும். செய்ய மாட்டேன்."

முதலாளி அதைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பார்க்கத் தெருவில் நடந்தார். அந்தக் காட்சி எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன்.

"மனசு ஆறிடுச்சா ரெஜினா?" என்று பிறகு கேட்டேன்.

"அவரு விசயத்துல ஆறிடுச்சி. அவரு பொய் சொன்னாரு. நீங்க உண்மை தெரிஞ்சே சும்மா இருந்தீங்க. உங்கள நான் மன்னிக்கலண்ணா."

அதன்பின் அவர் அதை மாற்றிச் சொல்லவேயில்லை. ரெஜினாவிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த வார்த்தை ஒன்றுதான். அதை நான் மழுப்பாமல் வைத்திருப்பேன்.