முனுசாமியை வீடு சேர்த்த ஜரீனா மேடம்

வேங்கிக்கால் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தபோது போன் வந்தது. "அங்கிள், அம்மி காலையில தவறிட்டாங்க" என்றார் ஜரீனா மேடத்தின் மகன். வந்த பேருந்தில் நான் ஏறவில்லை.

கலெக்டர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் எனக்கு எதிர் மேசையில் அமர்ந்து வேலை பார்த்தவர் அவர். அதிர்ந்து பேசமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு, முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத தம் கொள்ளுத்தாத்தாவைத் தேடத் தொடங்கினார். இணையத்தில் கிடைக்கும் பழைய பிரிட்டிஷ் படைப் பதிவுகளை நாள் முழுக்கப் படிப்பார். தேடிய கொள்ளுத்தாத்தா கடைசிவரை அகப்படவே இல்லை. ஆனால் நம் பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராகக் கிடைத்தார்கள். "எங்க ஆளு கிடைக்கலைன்னா என்னங்க, கூடப் போனவங்க கிடைக்கறாங்களே" என்பார்.

அப்படிக் கிடைத்தவர்தான் முனுசாமி. பதிவில் 'மூன்சாமி' என்றிருந்தது. ஊர்ப்பெயர் அதைவிட மோசம். "வெள்ளைக்காரன் காதுல எப்படி விழுந்திருக்கும்னு சொல்லிப் பாருங்க" என்று என்னையும் சொல்லவைத்தார். சொல்லச் சொல்லக் கீழ்பென்னாத்தூர் என்று புரிந்தது.

இருவரும் அங்கே போய் விசாரித்து, முனுசாமியின் கொள்ளுப்பேரன் தண்டபாணியைக் கண்டுபிடித்தோம். மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தவர் முகம் சுளித்தார்.

"அந்தாளு பேச்சே வேணாம்மா. பொண்டாட்டிய வுட்டுட்டு ரங்கூனுக்கு ஓடிப்போனவரு. எங்க வூட்ல அவருக்குத் தர்ப்பணம்கூட கிடையாது."

"ஓடிப்போகலைங்க. போருக்குப் போயி, அரபு நாட்டுல பாஸ்ராவுல பட்டாளத்து ஆஸ்பத்திரியில ஜுரம் வந்து இறந்துட்டாரு. வாரிசுன்னு எல்லம்மாள் பேரத்தான் சொல்லியிருக்காரு."

"எல்லம்மா அவரு பொண்டாட்டிதான். அப்போ ஏன் எங்களுக்குச் சேதி வரல?"

"அது எனக்குத் தெரியலைங்க. தெரியாததச் சொல்லமாட்டேன்."

தண்டபாணி வீட்டுப் பக்கம் திரும்பித் தங்கையைக் கூப்பிட்டார். "ஏ செல்வி, அவரு ஓடிப்போவலையாம்!" நூறாண்டுக்கு மேல் ஒரு வீட்டின்மீது கிடந்த பழி என் கண்ணெதிரே இறங்கியது.

அடுத்த அமாவாசையன்று ஐயங்குளக் கரையில் அந்தக் குடும்பம் எள்ளும் தண்ணீரும் இறைத்தது. ஐயர் பெயர் கேட்டபோது "முனுசாமி" என்று தண்டபாணி உரக்கச் சொன்னார். சற்றுத் தள்ளி, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு நின்றிருந்த மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார். தம் கொள்ளுத்தாத்தா எந்த மண்ணில் கிடக்கிறார் என்றே அறியாதவர், இன்னொரு வீட்டுக் கொள்ளுத்தாத்தாவுக்காக அழுதார். அதைவிடப் பெரிய மனதை நான் கண்டதில்லை.

நேற்று மாலை மேடத்தின் அடக்கத்துக்குக் கபரஸ்தானுக்குத் தண்டபாணியும் வந்திருந்தார். வாசலிலேயே தயங்கி நின்றவர், மேடத்தின் மகனிடம் மெல்லக் கேட்டார்: "நானும் ஒரு கை மண்ணு போடலாங்களா?"

மகன் அவர் கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தமக்கு முன்னால் நிறுத்தினார். தண்டபாணி குனிந்து மண்ணை அள்ளிப் போட்டார். போட்ட பின்பும் கைகூப்பியபடி நின்றார். பின்னால் காத்திருந்தவர்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

போய் வாருங்கள், மேடம். நீங்கள் எங்கே உறங்குகிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். வந்து பார்ப்போம்.