எக்ஸ்ரே அக்கா வீட்டில் ஏழு கொலைகள்

முப்பத்தொரு வருடம் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவள் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அக்கா. "மூச்சைப் பிடிங்க... ம், இப்ப விடுங்க" என்று ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். ஓய்வு பெற்றபின் அதைச் சொல்லவும் ஆளில்லை. கல்யாணம் கூடிவரவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள். தம்பி வேறு ஊரில். மாதத்துக்கு ஒரு போன். மாடியும் கீழுமாக ஐந்து அறை. அவள் புழங்குவது சமையலறையிலும் படுக்கையறையிலும்தான்.

அந்த வீட்டைத்தான் பதினொரு நாளுக்குக் கேட்டு ஒரு சினிமா டைரக்டர் வந்தான். முப்பது வயது இருக்கும். ஊதினால் பறந்துவிடுவான் போல ஒல்லி.

"என்ன படம் தம்பி?"

"கொலைப் படம்க்கா. முகமூடி போட்ட ஒருத்தன், லீவுக்கு வந்த ஏழு பேரை ஒவ்வொருத்தரா..."

"எல்லாரையும் என் வீட்லயேவா?"

"இன்னொரு வீடு எடுக்க பட்ஜெட் இல்லக்கா."

வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் தோன்றியது. சரி என்றாள்.

பதினான்கு பேர் வந்து இறங்கினார்கள். வாசலில் செருப்புக்கு இடமில்லை. ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்துப் பட்டப்பகலை இருட்டாக்கினார்கள். மாடியில் அறைகளுக்கு நடுவே இருந்த நடையில் திரையை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, ஒரே நடையை மூன்று நடையாக்கினார்கள். முகமூடி பொம்மைக் கடையில் வாங்கியது. கண் ஓட்டைகள் சரியான இடத்தில் இல்லாததால் கொலைகாரன் நிலைப்படியில் இடித்து, அவனுக்கே நெற்றியில் நிஜ ரத்தம் வந்தது. மற்ற ரத்தமெல்லாம் சாயம் கலந்த சர்க்கரைப் பாகு.

அவளைப் பின் அறையில் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவளால் முடியவில்லை.

"தம்பி, தோள்ல குத்தினா யாரும் பொட்டுன்னு சாக மாட்டாங்க. அங்க எலும்புதான் இருக்கு."

"தெரியும்க்கா. வயித்துல குத்தறதுக்குச் செஞ்ச ரப்பர் தோல் கிழிஞ்சுபோச்சு. இன்னொண்ணு இல்ல."

"சரி, எதுக்கு ஏழு பேரும் தனித்தனியா போய் மாட்டிக்கறாங்க?"

"சேர்ந்து போனா படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்க்கா!"

"கொலைகாரனை ஏன் சரியா காட்டவே மாட்டேங்கற?"

"காட்டினா அந்த முகமூடியைப் பாத்துச் சிரிச்சிடுவாங்க. காலி நடையைக் காட்டினா பயப்படுவாங்க. காசு இல்லாததுல கிடைச்ச ஒரே லாபம் அதான்."

ஏழாவது நாள் கதாநாயகி வீட்டில் தனியாக இருக்கும் காட்சி. மாடியில் சத்தம் கேட்டு அந்தப் பெண் "யாரு? யாரு அங்க?" என்று கத்த வேண்டும். எட்டு தடவை கத்தினாள். எதுவும் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அவ கேக்க மாட்டா தம்பி."

"என்னக்கா?"

"தனியா இருக்கறவ 'யாரு'ன்னு கேக்க மாட்டா. பதில் வந்துட்டா பயம். வரலேன்னா... அது வேற மாதிரி இருக்கும். டிவி சத்தத்தைக் குறைப்பா. கையில இருக்கற தட்டை மெதுவா கீழ வைப்பா. அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படிக்கா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அப்படியே எடுத்தார்கள். ஒரே தடவையில் சரியாக வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை வீடு பழையபடி ஆனது. கூடத்துத் தரையில் பாகு சிந்திய இடங்களைத் தேடி எறும்புகள் வந்தன. துடைத்துவிட்டால் போய்விடும். ஒரு வாரம் அவள் துடைக்கவில்லை.

படம் எட்டு மாதம் கழித்து வெளியானது. பகல் காட்சிக்குப் போனாள். பதினெட்டுப் பேர் இருந்தார்கள். தோளில் குத்து வாங்கியவன் செத்ததும் சிரித்தார்கள். ஒரே நடை மூன்றாம் முறை வந்தபோது பின்வரிசைக்காரன் "மறுபடியும் இதே வீடா!" என்றான். அவளுக்குச் சுருக்கென்றது. பிறகு கதாநாயகி டிவி சத்தத்தைக் குறைத்துத் தட்டைக் கீழே வைத்தாள். இசை கிடையாது. ஒன்றரை நிமிடம் தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை.

வெளியே வந்ததும் டைரக்டருக்குப் போன் போட்டாள். "அக்கா, ஷூட்டிங்ல இருக்கேன். அப்புறமா கூப்பிடறேன்" என்றான். கூப்பிடவில்லை. அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. இப்போது வேறு யார் வீட்டு வாசலிலோ பதினான்கு ஜோடிச் செருப்பு கிடக்கும்.

மறுநாளும் போனாள். பக்கத்தில் அவள் வயதே இருக்கும் ஒரு பெண். அந்தக் காட்சி வந்ததும் அந்தப் பெண் சட்டென்று இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சூடான, கொஞ்சம் வியர்த்த கை. இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சாரிங்க, பயத்துல பிடிச்சுட்டேன்."

"பரவாயில்ல. படம் முடியற வரைக்கும் பிடிச்சுக்கோங்க."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கையை எடுத்துக்கொண்டாள். அது என் வீடுங்க, அந்தத் தட்டும் என்னுதுதான் என்று சொல்ல இவள் மனதுக்குள் வார்த்தையைக் கோத்து வைத்திருந்தாள். விளக்கு போட்டதும் அந்தப் பெண்ணின் போன் அடித்தது. "வந்துட்டேன், வந்துட்டேன், கிளம்பிட்டேன்" என்றபடியே படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் போனபோது படத்தைத் தூக்கிவிட்டிருந்தார்கள். டிக்கெட் கொடுப்பவர், "வேற படம் போட்டாச்சும்மா, இதுக்குக் குடுக்கவா?" என்றார். என்ன படம் என்றுகூடக் கேட்காமல் ஒரு டிக்கெட் வாங்கி உள்ளே போய், யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.