அப்பாவின் மாத்திரையும் இரண்டு அவித்த முட்டையும்

மூளைக்குள் மருந்து எப்படிப் போகிறது என்பது எனக்கு உருப்படியாகப் புரிந்த நேரத்தில், என் அப்பா என்னை ஒரு பட்டாசு ஆலையின் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார். சொந்த மகளை. அதுவும், அவர் வீட்டில் மறந்துவிட்டுப் போன மத்தியான மாத்திரையைக் கொடுப்பதற்காக ஆமத்தூரிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் வரை ஸ்கூட்டியில் வேனை விரட்டிக்கொண்டு வந்த மகளை.

"லிஸ்ட்ல உம் பேரு இல்ல" என்றார்.

"நான் ஒங்க மகப்பா."

"மக லிஸ்டுன்னு ஒண்ணு இங்க கிடையாது. டப்பாவ அந்தத் திட்டுல வச்சுட்டுத் தள்ளி நில்லு. செல்லு வச்சிருக்க, போட்டிருக்கிறது பாலியெஸ்டர், உரசுனாப் பொறி வரும். இந்த லட்சணத்துல உள்ள வேற வரணுமாக்கும்."

அப்பாவின் வேலையே இதுதான். காலை எட்டு மணி பெல்லுக்குள், உள்ளே போகும் ஆண்கள் ஒவ்வொருவரின் சட்டைப்பை, இடுப்பு மடிப்பு, சாப்பாட்டுப் பை எல்லாவற்றையும் தடவிப் பார்த்து பீடி, தீப்பெட்டி, செல்போன் எதுவும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெண்களைப் பார்க்க ஓர் அக்கா இருக்கிறார். தலைப்பாகை மடிப்புக்குள் ஒளிந்திருந்த ஒற்றைப் பீடியை அப்பா ஒருமுறை வாசனையை வைத்தே பிடித்திருக்கிறார். இன்றுவரை அந்தக் கதை வீட்டில் மாதம் ஒரு தடவையாவது ஓடும்.

நான் தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தபோது கம்பெனியின் இரண்டாவது வேன் வந்தது. டிரைவர் கையை நீட்டி லிஸ்டைக் கொடுத்தார், அப்பா தலைகளை எண்ணினார், வேன் உள்ளே போகத் தயாரானது. அவ்வளவுதான். ஜன்னலோரம் இருந்த ஓர் அத்தை என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன மருமகளே, வெளிய காயிறீக? எங்கூட வேன்ல ஏறி வந்திருந்தா இந்நேரம் உள்ள இருந்திருப்பீகல்ல?"

அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் வந்தது. "எங்கன ஏற? இன்னிக்கு ரெண்டு புது ஆளு ஏறிட்டாக. நானே இவ மடியிலதான் உக்காந்து வாரேன்!"

வேன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டது. நான் அப்படியே நின்றேன். மருந்தியல் கல்லூரியில் மூன்று வருடமாக மனப்பாடம் செய்து, வரைந்து, மார்க்கும் வாங்கி, கொஞ்சமும் புரியாமல் வைத்திருந்த ஒரு பாடம் அந்த டீசல் புகைக்குள் தெளிவாகத் தெரிந்தது. கூடவே நான் செய்து வைத்திருந்த ஒரு முட்டாள்தனமும் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கும் கொஞ்சம் மானம் இருக்கிறது.

அப்பாவுக்கு நடுக்குவாதம். மூளையில் டோபமின் என்ற பொருள் குறைந்துபோவதால் வருவது. நடுக்கத்தைவிட அவரைப் படுத்துவது விறைப்பு. வரிசையில் எட்டாவது ஆளின் பாக்கெட்டுக்குள் போன கை திரும்பி வர மறந்துவிடும். அந்த ஆள் இரண்டு கையையும் தூக்கியபடி சிலை மாதிரி நிற்பார். "அண்ணாச்சி, என் பாக்கெட்டக் குடுத்தீகன்னா வேலைக்குப் போவேன்" என்பார். அப்பாவும் சிரிப்பார். வரிசை நகராது.

இந்த மாதத் தொடக்கத்தில் போர்மேன் வந்து, தன்மையாகத்தான், சொல்லிவிட்டுப் போனார். "சீசன் ஆர்டர் ஏறிக்கிட்டிருக்கு அண்ணாச்சி. பெல்லுக்கு முந்தி லைன் உள்ள போயாகணும். இந்த மாசம் பாக்கேன். அப்புறம் கேட்டுக்கு வேற ஆளத்தான் போடணும், கோவிச்சுக்கிடாதீக."

அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றுதான் சொன்னார். "பாக்காம விட்டா பெல்லுக்கு முந்தி எல்லாரையும் அனுப்பிரலாம். பாக்காம விட மாட்டேன்." அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. அம்மாதான் சட்னி அரைக்கும்போதெல்லாம் மிக்சியைவிடச் சத்தமாகப் பேசினாள்.

சரி, டோபமின் குறைவு என்றால் டோபமினையே மாத்திரையாகக் கொடுத்துவிட வேண்டியதுதானே? முதல் வருடம் நான் வகுப்பில் எழுந்து இதைக் கேட்டேன். பெரிய கண்டுபிடிப்பு செய்த தோரணையில். போகாது என்றார் ஆசிரியர். மூளையின் ரத்தக் குழாய்ச் சுவரில் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. உடம்பின் மற்ற இடங்களில் குழாய்ச் சுவரில் சந்துபொந்து உண்டு, மருந்து கசிந்து போய்விடும். மூளையில் அந்தப் பேச்சே இல்லை. இதற்கு ரத்த–மூளைத் தடுப்பு என்று பெயர்.

கொழுப்பில் கரைகிற பொடிசுகள் மட்டும் சுவரை ஊடுருவிப் போய்விடும். காபியில் இருக்கிற கஃபீன் போகும். பீடியில் இருக்கிற நிக்கோடின் போகும். குவார்ட்டர் பாட்டில் சரக்கு, யார் நீ என்று ஒருவரும் கேட்காமலே நேராக உள்ளே போய் நாற்காலி போட்டு உட்காரும். உயிர் காக்கிற எத்தனையோ மருந்துகள் வெளியே நிற்க வேண்டியதுதான். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சில மருந்துகள் தந்திரமாகச் சுவருக்குள் நுழைந்துவிட்டாலும், அங்கே இருக்கிற பம்புகள் கழுத்தைப் பிடித்துத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும். அப்பாவை அங்கே வேலைக்கு வைத்திருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

ஆனால் மூளைக்கும் சாப்பாடு வேண்டுமே. சர்க்கரைக்கு ஒரு வண்டி, அமினோ அமிலங்களுக்கு ஒரு வண்டி என்று அந்தச் சுவரிலேயே ஏற்பாடு இருக்கிறது. அப்பா போடும் மாத்திரையில் இருப்பது லெவோடோபா. பார்க்க அமினோ அமிலம் மாதிரியே இருக்கும், சொல்லப்போனால் அதுவும் அந்தச் சாதிசனம்தான். அதனால் அமினோ அமில வேனில் ஏறி, லிஸ்டில் பெயர் இருக்கிற ஆள் மாதிரி, உள்ளே போய்விடும். போன பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு டோபமின் ஆகிவிடும். மாத்திரையில் கூடவே கார்பிடோபா என்று ஒரு துணையாள் உண்டு. அவர் மூளைக்குள் போவதே இல்லை. வழியிலேயே லெவோடோபா சட்டையை மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நடுரோட்டில் மாற்றினால் கேட்டில் நிறுத்திவிடுவார்களே.

இப்போது முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வேனில் சீட் கணக்கு உண்டு. முட்டை, பால், கறி, பருப்பு எதைத் தின்றாலும் அதிலிருக்கும் புரதம் அமினோ அமிலங்களாகப் பிரிந்து அதே வேனுக்குத்தான் வந்து நிற்கும். குடலிலிருந்து ரத்தத்துக்கு ஏறும்போது ஒரு தள்ளுமுள்ளு, ரத்தத்திலிருந்து மூளைக்கு ஏறும்போது இன்னொரு தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் அப்பாவின் லெவோடோபா கீழேயே நின்றுவிடும்.

எங்கள் வீட்டில் காலை ஆறரைக்கு அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது என்ன தெரியுமா? ஒரு மாத்திரை, இரண்டு அவித்த முட்டை, ஒரு பெரிய டம்ளர் பால்.

பட்டாசு வேலைக்குப் போகிற வீடுகளில் முட்டையும் பாலும் சாதாரணம். உள்ளே போன கந்தகச் சூட்டை அவை முறிக்கும் என்று நம்பிக்கை. கேட்டில் நிற்கிற அப்பாவுக்குக் கந்தகமே கிடையாது, ஆனாலும் அம்மா ஒரு முட்டை கொடுப்பாள். அதை இரண்டாக்கி, பாலையும் சேர்த்து, மாத்திரையோடு சேர்த்தே கொடுக்க வைத்தது நான். முதல் வருடம் பாதி முடித்த கையோடு, "அப்பாவுக்குப் புரதம் பத்தல" என்று அடுப்படியில் நின்று அரை மணி நேரம் சொற்பொழிவு ஆற்றியிருந்தேன்.

மாத்திரை நேரத்தை நானாக மாற்றக் கூடாது என்கிற அளவுக்காவது படித்திருந்தேன். அடுத்த வாரம் விருதுநகரில் அப்பா வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் மூன்று பேரும் போனோம். நான் வேன் கதையைக் கைகால் ஆட்டிச் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, பழைய சீட்டைத் திருப்பிக் காட்டினார். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் என்று எழுதியிருந்தது.

"இத அப்பவே சொன்னேனே. முட்டையோட குடுக்கச் சொன்னது யாரு?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நர்ஸ்கூடப் பார்த்தார். சுவரில் தொங்கிய சிவகாசிக் காலண்டரில் இருந்த குழந்தை மட்டும்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"மாத்திரை ஆறு மணிக்கு, சாப்பாடு ஆறே முக்காலுக்கு. முட்டையும் பாலும் ராத்திரிச் சாப்பாட்டோட இருக்கட்டும், நிறுத்த வேண்டாம். அளவுல கை வைக்கக் கூடாது" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அம்மா ஆரம்பித்தாள். "வெறும் வயித்துல மாத்திரையா? குடலு வெந்துராதா? ஏ புள்ள, ஒம் படிப்புக்கு அவுகதான் கிடைச்சாகளா?"

முதல் நாள் அம்மாதான் ஜெயித்தாள். வெறும் வயிற்று மாத்திரை அப்பாவுக்குக் குமட்டிவிட்டது. சிவகாசி தாண்டும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிவிட்டார். வேனில் இருந்த பெண்களுக்கு அன்றைக்குத் தீபாவளி.

"என்ன அண்ணாச்சி, எத்தன மாசம்?"

"மாங்கா வாங்கியாரவா?"

அப்பா இதை வீட்டில் வந்து அவரே நடித்துக் காட்டினார். டாக்டருக்குப் போன் போட்டதில், ஒரு ரஸ்க் சாப்பிடலாம், ரஸ்க் யாரையும் தள்ளிவிடாது என்றார். இரண்டாம் நாள் ஆறு மணிக்கு மாத்திரை, ரஸ்க். ஆறே முக்காலுக்கு இட்லி, தக்காளிச் சட்னி. ஏழு மணிக்கு வேன். அன்று பெல் அடிப்பதற்கு முன்பே வரிசை உள்ளே போய்விட்டது. அப்பா இதையும் நடித்துக் காட்டினார். பாக்கெட்டுக்குள் போன கை திரும்பி வருகிற காட்சியை மட்டும் நான்கு தடவை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அடுப்படிக்குப் போய் மூக்கையும் சிந்தினாள்.

மூன்றாம் நாள் மறுபடி பதினோராவது ஆளின் பாக்கெட்டில் கை நின்றுவிட்டது. பெல் அடித்துவிட்டது. போர்மேன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மாத்திரை சரி, ரஸ்க் சரி, நேரமும் சரி. என்ன தப்பு என்று நான் நோட்டில் படமெல்லாம் போட்டு மூளையைக் கசக்கினேன். கடைசியில் அப்பாவிடமே கேட்டேன்.

"வேன்ல எதுவும் சாப்பிட்டீகளா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்பா."

"மசக்கைன்னு கேலி பண்ணுச்சுல்ல, அந்தப் பிள்ள பாவம், மனசு கேக்காம முட்ட அவிச்சுக் கொண்டாந்துச்சு. வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்கிருது. ஒண்ணுதான்."

"ஒண்ணா?"

"அது ரெண்டு குடுத்துச்சு. இன்னொருத்தர் கொண்டக்கடல குடுத்தாரு. கொஞ்சமா."

அந்த வேனில் யாரும் தனியாகத் தின்பதில்லை. சாப்பாட்டுப் பை திறந்தால் கைக்குக் கை போகும். வாங்காதவரை அகம்பாவம் பிடித்தவர் என்பார்கள். புத்தகம் எழுதியவர்கள் மூளையின் சுவரைச் செல் செல்லாகப் படம் போட்டிருக்கிறார்கள். ஏழு மணி வேனைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்று ஞாயிறு. நாளை காலை போர்மேன் வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நிற்கப் போகிறாராம், மாசக் கடைசி. ஆறு மணிக்கு மாத்திரை, ரஸ்க். ஏழு மணிக்கு அப்பாவோடு நானும் வேனில் ஏறப் போகிறேன். டிரைவரிடம் பேசியாகிவிட்டது. கேட்டுக்கு முன்னால் இறக்கிவிடுவார். வருகிற முட்டை, கடலை, பால்கோவா எல்லாவற்றையும் அப்பா சார்பில் சிரித்த முகத்தோடு நானே வாங்கித் தின்றுவிடுவது திட்டம். என் வயிற்றில் இடம் இருக்கும்வரை அப்பாவின் அமினோ அமில வேனில் நெரிசல் இருக்காது. மசக்கைக் கேலி என் பக்கம் திரும்பும். திரும்பட்டும். அந்த நாற்பது நிமிடத்தில் அவர்களுக்குச் சீட் கணக்கையும் சொல்லிப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். அந்த இரண்டாவது வேன் அத்தை மாதிரி மடியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு அது என் ஆசிரியரைவிட நன்றாகப் புரியும்.

அம்மா என் பருத்திச் சுடிதாரைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். அப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "துணி சரி" என்றார். "ஆனா லிஸ்ட்ல பேரு இல்ல. கேட்டுக்கு வெளியதான் நிக்கணும், இப்பமே சொல்லிட்டேன்."

நிற்கிறேன். கை திரும்பி வருகிறதா என்று அங்கிருந்தே நன்றாகத் தெரியும்.