தலைவரின் இடப்பக்கம்

கண் பரிசோதகர்களுக்கான அகில இந்தியச் சங்கம் ஒன்றில் நான் செயற்குழு உறுப்பினர். கேட்பதற்குப் பெரிய பதவி. வேலை என்னவோ பந்தல், சாப்பாடு, ரூம் சாவி. அந்த முறை கூட்டத்தை எங்கள் ஊர் நெய்வேலியில் வைத்துக்கொள்ளலாம் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நிலக்கரிச் சுரங்கத்தின் டவுன்ஷிப்பில் ஒரு விருந்தினர் விடுதியும் கிடைத்துத் தொலைத்தது.

சங்கத் தலைவர் சென்னையிலிருந்து தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கூடவே தலைமை அலுவலகத்தின் மொத்தப் பட்டாளமும்: மேலாளர், அவளுக்குக் கீழே இரண்டு இளைஞர்கள். மேலாளர் என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மூன்று பேரும் கான்ட்ராக்ட். கான்ட்ராக்டுக்கும் பெர்மனென்டுக்கும் நடுவில் எத்தனை வீடுகள் தூக்கமில்லாமல் கிடக்கும் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த மாதம் சங்கத்துக்குத் தேர்தல். மறுபடி ஜெயித்தால் மூவரையும் நிரந்தரமாக்குவதாகத் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். எதிர்த்து நிற்பவரோ அலுவலகத்தையே மூடிவிட்டு வேலையை ஏஜென்சியிடம் கொடுக்கப்போவதாக வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். என் ஓட்டும் இவருக்குத்தான். இவர் வந்த பிறகுதான் என்னைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களின் குரல் அங்கே எடுபட்டது.

காலையில் மேலாளர் தலைவரின் இடப்பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இளைஞர்களில் ஒருவன் ஓரடி முன்னால் நடந்து, "படி இருக்கு சார், கதவு இருக்கு சார்" என்று சொல்லிக்கொண்டே போனான். இப்படி ஜால்ரா தட்டினால்தான் பிழைப்பு போலிருக்கிறது என்று மனதுக்குள் கிண்டல் செய்துகொண்டேன்.

கூட்டம் முடிந்து இலை போட்டோம். பரிமாறிய அம்மா பக்கத்து முத்தாண்டிக்குப்பத்துக்காரர். பாதிப் பந்தியில் என்னிடம் வந்து முணுமுணுத்தார்.

"அந்தப் பெரிய சார் ஊறுகா ஊறுகான்னு கேட்டுகினே இருக்காருங்க. ரெண்டு வாட்டி வெச்சிட்டேன். எலையிலதான் கெடக்குது."

எட்டிப் பார்த்தேன். உப்பு, ஊறுகாய், இனிப்பு எல்லாம் இலையின் இடது ஓரத்தில் தொடாமல் இருந்தன. சோற்றிலும் இடப் பாதி அப்படியே. வலப் பாதி மட்டும் வழித்துச் சாப்பிட்டிருந்தார். மேலாளர், அடுத்தவர் இலை என்றும் பாராமல், ஊறுகாயை விரலால் மெல்ல வலப்பக்கம் தள்ளினாள். தலைவர் உடனே தொட்டுக்கொண்டார்.

மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டால் சிலருக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பார்வை போய்விடும். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசிப்பார்கள். அந்தப் பக்கம் ஆள் நின்றால் மட்டும் தெரியாது. சில மாதங்களுக்கு முன்பு தலைவர் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது நினைவுக்கு வந்தது.

கை கழுவும் இடத்தில் மேலாளரை மடக்கினேன்.

"எத்தனை நாளா இது?"

அவள் முகம் வெளிறிப்போனது. "தேர்தல் முடியட்டும்க்கா. அப்புறம் நானே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்."

"அவர் ஓட்டுன கார்லதானே வந்தீங்க?"

"நான் முன் சீட்ல உக்காந்து சொல்லிக்கிட்டே வருவேன். லெஃப்ட்ல பைக்கு, லெஃப்ட்ல பஸ்ஸுன்னு. எங்க மூணு பேருக்கும் ஓட்டத் தெரியாது. டிரைவர் வைங்கன்னா, ஏன்னு எல்லாரும் கேப்பாங்கன்றார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது வெளிய போச்சுன்னா அவரும் இல்ல, நாங்களும் இல்லக்கா."

அவளை அறையலாமா, அணைத்துக்கொள்ளலாமா என்று தெரியாமல் நின்றேன். நான் வாயைத் திறந்தால் மூன்று பேர் பிழைப்பு போகும். திறக்காவிட்டால் யார் உயிர் போகுமோ.

வெளியே சுரங்கத்தின் முதல் ஷிப்ட் விட்டிருந்தது. கேட்டுக்கு அந்தப்பக்கம் ரோடு முழுக்க பைக்குகள். மற்ற உறுப்பினர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். தலைவர் சாவியைச் சுழற்றிக்கொண்டே போர்ட்டிகோவுக்கு வந்தார்.

"டாக்ஸி சொல்றேன் சார். நீங்க ஓட்டாதீங்க."

"ஏன் மேடம்?"

"உங்களுக்கு இடப்பக்கம் தெரியல."

சிரித்தார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேணாம் சார். எனக்கு இதுதானே தொழில்."

"எனக்கும் இதுதான் தொழில். டெஸ்ட் பண்ணிக்கோங்க" என்று வீம்பாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

எதிரே உட்கார்ந்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அவர் என் மூக்கையே பார்க்க வேண்டும். நான் ஓரத்தில் விரலை ஆட்டுவேன். ஆடுவது தெரிந்தால் சொல்ல வேண்டும். அவருடைய வலப்பக்கம் ஆட்டினேன். "ஆமா" என்றார். இடப்பக்கம் கொண்டுபோனதும் அவர் கண் நைசாகத் திரும்பி விரலைப் பிடித்தது. லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் செய்ய என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் செய்யும் அதே திருட்டு.

"மூக்கைப் பாருங்க சார்" என்று அதட்டினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

பார்த்தார். இந்த முறை கண் அசையவில்லை. இளைஞர்கள் டிக்கியில் பைகளை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்கள். மேலாளர் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. "எவ்வளவு நேரம் மேடம்? சட்டுனு ஆட்டுங்க, நான் கிளம்பணும்."

பதில் சொன்னது மேலாளர்.

"அவங்க அப்பலேருந்து ஆட்டிக்கிட்டேதான் இருக்காங்க சார்."